கணவாய்க் காற்றும் கம்பெனிப் பங்குகளும்

(தேனி அல்லிநகரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் பணம் போடும் நிறுவனங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அல்லிநகரத்தில் நின்று அதைப் பேசுகிறவன் மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜூன் மாதத்தில் குமுளியில் குடை பிடித்து நடக்கிறவர், மலை இறங்கிக் கம்பத்துக்கு வந்ததும் குடையை மடக்கிவிட்டு மேல்துண்டைப் பிடித்துக்கொள்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப்புறம் இடுக்கிப் பக்கம் கொட்டிவிட்டு, மலை தாழ்ந்த இடங்கள் வழியாக வறண்டு இறங்குகிறது. ஒருபுறம் ஏலமலை, மறுபுறம் மேகமலை. நடுவே அகப்பட்ட காற்று வேகம் பிடித்து வடகிழக்காக ஓடுகிறது. கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகள் மழைக்கு ஏங்கியதற்கு எந்த மலை காரணமோ, அந்தக் காடுகளின் மேல் ஓடும் காற்றுக்கும் அதே மலைதான் காரணம்.

காற்றாடி வந்த பிறகுதான் மழை போனது என்று நம் கிராமங்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. மழை தரும் மேகம் காற்றாடியின் உயரத்தில் ஓடுவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் மழை மறைவு காற்றாடிக்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு மூத்தது. ஆனாலும் அந்தப் பேச்சை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கள் தலைக்கு மேலிருந்து எதையோ எடுத்துப் போகிறார்கள், தங்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை என்ற மனக்குறை அதற்குள் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானது. நான் பேச வந்தது அந்தக் கணக்கைத்தான்.

காற்றைக் கணக்கிட முதலில் அளக்க வேண்டும். இந்தியக் காற்றை அளந்து புத்தகமாக்கியவர் நமக்கு மலைக்கு அந்தப்புறத்து அண்டை வீட்டுக்காரர். குமுளி தாண்டிக் கோட்டயம் சாலையில் போனால் பீர்மேடு வரும். அங்கே 1918இல் பிறந்தவர் அன்னா மாணி. தந்தை கட்டடப் பொறியாளர், ஏலத்தோட்டமும் வைத்திருந்தார். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட பெண் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியியல்பை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அந்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் தராமல் மறுத்தார்கள். 1945இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். தவறான அளவு, அளவே இல்லாததைவிடக் கெடுதல் என்பது அவர் விடாமல் பிடித்திருந்த கொள்கை.

1976இல் பணி ஓய்வு. அதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய வேலையைச் செய்தார். 1980இலும் 1981இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி இரண்டு நூல்கள். 1983இல் மூலே என்ற அறிஞருடன் சேர்ந்து காற்றாற்றல் தரவு நூல். காற்றின் வேகத்தையும் வெயிலின் ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்ய பெங்களூரில் ஒரு சிறு தொழிற்கூடமும் நடத்தினார். இத்துறை நிறுவனங்களின் வரலாற்றை யாராவது எழுதினால் அந்தத் தொழிற்கூடத்தை முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்துக்கும் 6 மீட்டர் வீசும் இடத்துக்கும் வேகத்தில் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு. ஆற்றலிலோ ஏறக்குறைய 73 சதவீதம். அளவு சற்றுப் பிசகினாலும் வங்கிக் கடன் திரும்பாது. இன்று அளக்கும் பொறுப்பைச் சென்னைப் பள்ளிக்கரணையில் 1998இல் தொடங்கிய தேசிய காற்றாற்றல் நிறுவனம் ஏற்றிருக்கிறது. கயத்தாற்றில் அதற்குச் சோதனை நிலையம் உண்டு.

அளவு வந்தது, பிறகு எந்திரம் வந்தது. 1986இல் தூத்துக்குடியிலும், குஜராத்தின் ஓகாவிலும், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் 55 கிலோவாட் டென்மார்க் காற்றாலைகளை அரசு சோதனையாக நட்டது. அடுத்து டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறு, முப்பந்தல். தனியார் பணம் 1990களில் பாய்ந்தது. போட்டவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நூற்பாலைக்காரர்கள், சிமெண்ட் ஆலைக்காரர்கள். மின்வெட்டில் ஆலை நின்றது ஒரு காரணம். காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இன்னொரு காரணம். ஆடியில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. தேய்மானச் சலுகை பிறகு 80 சதவீதமானது. 2012 ஏப்ரலில் நின்றது, 2014இல் திரும்பி வந்தது, 2017இல் 40 சதவீதமாகக் குறைந்தது.

அந்தச் சலுகையைத் திட்டுகிறவர்கள் உண்டு. மார்ச் 31க்குள் எப்படியாவது ஒரு காற்றாடியை நட்டுவிட்டு, அது ஓடுகிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்காத முதலாளிகள் இருந்தது உண்மை. தமிழ்நாடு பல ஆண்டுகள் காற்று மின்சாரத்தில் நாட்டின் முதல் மாநிலமாக நின்றதற்கு அதே சலுகை அடித்தளம் என்பதும் உண்மை. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. குஜராத் நம்மை முந்திக்கொண்டது.

ஆலைக்காரர்களின் இந்த மின்சாரத் தேவையைப் புரிந்துகொண்டு வளர்ந்தவர் குஜராத்தின் துளசி தாந்தி. துணி ஆலை நடத்தியவர். மின்கட்டணத்தைச் சமாளிக்க இரண்டு காற்றாலைகள் வாங்கினார். 1995இல் சுஸ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார். காற்று அளப்பது, நிலம் வாங்குவது, பாதை போடுவது, எந்திரம் நிறுத்துவது, மின்வாரியத்தோடு இணைப்பது, இருபது ஆண்டு பராமரிப்பது எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டு, பணம் போடுகிறவரிடம் காசோலையை மட்டும் கேட்கும் முறை இத்துறையில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முறை நம் பள்ளத்தாக்குக்கும் வந்தது. தப்புக்குண்டு, பூமலைக்குண்டு, கோவிந்தநகரம், கண்டமனூர், காமாட்சிபுரம், ஓடைப்பட்டி என்று ஊர் ஊராகக் காற்றாடிகள் எழுந்தன. கிணறு வற்றிய காடு, சோளமும் துவரையும் மழையை நம்பி விதைத்த காடு. இடைத்தரகர் கேட்டதும் ஒரே பேச்சில் கை மாறியது. விற்றவருக்கு அன்றைய சந்தை விலை கிடைத்தது. அந்த விலை மண்ணுக்கு உரியது. மண்ணுக்கு மேலே எண்பது மீட்டர் உயரத்தில் ஓடியதற்கு யாரும் விலை பேசவில்லை. விற்கிறவருக்கு அதன் அளவு தெரியாது. வாங்குகிறவரிடம் அளவுக் கோபுரத்தின் கணக்கு இருந்தது.

அதன் பிறகு வந்த பணம் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. ஹாங்காங்கில் 1901இல் தொடங்கிய சி.எல்.பி. என்ற மின் நிறுவனம் நம் மாவட்டத்தில் இரண்டு கட்டங்களாக, தலா 49.5 மெகாவாட் காற்றாலைகளை அமைத்தது. 2018இல் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஓய்வூதிய நிதியம் அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையில் 40 சதவீதப் பங்கு வாங்கியது, பிறகு பாதியாக உயர்த்திக்கொண்டது. இப்போது அந்தக் கிளையின் பெயர் அப்ராவா எனர்ஜி. இன்னொரு நிறுவனத்தின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: கிரீன் இன்ஃப்ரா விண்ட் எனர்ஜி தேனி லிமிடெட். அதன் தாய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2015இல் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் வாங்கியது.

மாணவர்களே, இதை ஒரு நிமிடம் நிதானமாக யோசியுங்கள். கியூபெக்கில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கண்டமனூர்க் காற்றில் ஒரு துளி பங்கு இருக்கிறது. அவருடைய சேமிப்பை அறிவோடு முதலீடு செய்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. வெளிநாட்டு மூலதனம் வராமல் இந்தத் துறை வளர்ந்திருக்காது. அதை விரட்டச் சொல்லி நான் பேசவும் இல்லை. கண்டமனூர்ப் பள்ளி ஆசிரியைக்கு அந்தத் துளி ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

இல்லாமல் போனதற்கு ஒரு பெரிய காரணம் 2017இல் நடந்தது. அதுவரை காற்று மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கும். நட்டவர் யாரானாலும் அந்த விலை கிடைக்கும். தமிழ்நாட்டில் 2012இல் யூனிட்டுக்கு 3 ரூபாய் 51 காசு, 2016இல் 4 ரூபாய் 16 காசு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் காற்றுக்கு முதல் ஏலம் நடத்தியது. யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம். விலை 3 ரூபாய் 46 காசுக்கு விழுந்தது. அக்டோபரில் 2 ரூபாய் 64 காசு. டிசம்பரில் குஜராத் நடத்திய ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. மின்சாரம் வாங்குகிற பொதுமக்களுக்கு இது லாபம். ஆனால் பத்துக் கோடி, இருபது கோடி போடக்கூடிய மதுரை, தேனி முதலீட்டாளர் அந்த ஏல மண்டபத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் போனார். நூற்றுக்கணக்கான கோடி புரட்டக்கூடியவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

காற்றில் ஊருக்குப் பங்கு கேட்பதற்கு முன்மாதிரி தண்ணீரில் இருக்கிறது. இனி, அதற்கு வருகிறேன். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது, சரிவில் இறங்கும் நான்கு பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியாற்று நீர் அவற்றில் விழுந்து 1958 முதல் மின்சாரம் தருகிறது. அந்த ஆற்றின் அணை வழக்குகளுக்குள் இன்று நான் போகவில்லை. அணைக்கு நிலம் தந்த ஒப்பந்தத்தின் ஒரு விவரத்தை மட்டும் காட்டுகிறேன். 1886 குத்தகையில் நீர் பரவும் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் ஆண்டு வாடகை. அந்த நீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின்பு, 1970இல் போட்ட துணை ஒப்பந்தத்தில் வாடகை 30 ரூபாயாக உயர்ந்ததோடு, உற்பத்தியாகும் மின்சாரத்துக்கென்று தனிக் கட்டணமும் சேர்ந்தது. நிலத்துக்கு ஒரு விலை, நிலத்தின் வழியே வரும் ஆற்றலுக்கு வேறொரு விலை என்ற நியாயம் இந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலேயே அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கிறது.

நாடு முழுவதற்கும் அதே நியாயம் வந்தது. 2008ஆம் ஆண்டின் தேசிய நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத இலவச மின்சாரத்தோடு, அந்தப் பகுதி மக்களின் மேம்பாட்டு நிதிக்கென்று மேலும் 1 சதவீதத்தை ஒதுக்கியது. சுரங்கங்களுக்கு 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. கல் வெட்டுகிறவர் உள்ளூர் நிதிக்குக் கட்டாயம் செலுத்த வேண்டும். காற்றுக்கு இப்படிச் சட்டப்படியான உள்ளூர்ப் பங்கு எதுவும் வகுக்கப்படவில்லை. நிறுவனச் சட்டத்தின் 2 சதவீதச் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். பள்ளிக்குக் கழிப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி என்று அதிலிருந்து நல்ல காரியங்கள் நடக்கின்றன, நன்றியோடு ஏற்கிறேன். ஆனால் எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்வது கம்பெனியின் இயக்குநர் குழு. தானம் வேறு, பங்கு வேறு.

ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். ஆண்டு முழுவதற்கும் சராசரியாக நிறுவு திறனில் கால் பங்குதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 மெகாவாட் காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 21.9 லட்சம் யூனிட் தரும். முன்பு சொன்ன சி.எல்.பி.யின் இரண்டு கட்டங்களும் சேர்ந்த 99 மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 21.7 கோடி யூனிட். நீர்மின் திட்டத்தைப் போல அதில் 1 சதவீதம் உள்ளூருக்கு என்றால் 21.7 லட்சம் யூனிட். யூனிட் மூன்றரை ரூபாய் என்றால் 76 லட்சம் ரூபாய். ஒரே நிறுவனத்தின் காற்றாலைகளிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும். கம்பெனியை இது முடக்கிவிடாது. மானாவாரி ஊராட்சி ஒன்றின் வரவு செலவைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகையின் கனம் தெரியும்.

பங்கு வாங்குவது நமக்கெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 2006இல் அந்த ஊராட்சி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில் நிறுவியது. விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சியின் சேமிப்பு போக மீதிக்கு வங்கிக் கடன். மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து, ஊரின் தேவைக்குப் போக மிஞ்சியதற்கு வருமானம் பெற்று, அதிலிருந்தே கடனை அடைத்தார்கள். உள்ளூரில் காற்றில்லை என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. காற்று இருக்கும் ஊரைத் தேடிப் போனார்கள். நமக்குக் காற்று வாசலில் இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே 2000ஆம் ஆண்டில் நின்ற இருபது காற்றாலைகளில் பத்து, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். நமக்கு எந்திரம் கொடுத்த அதே நாடு!

ஓடந்துறையை அப்படியே இங்கே நகலெடுக்கச் சொல்ல மாட்டேன். ஏலத்துக்குப் பிந்தைய விலையில் தனி ஊராட்சி ஒன்று கடன் வாங்கிக் காற்றாலை நடுவது ஆபத்து. பெரியவர்களே இத்தொழிலில் விழுந்திருக்கிறார்கள். சுஸ்லான் 2007இல் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தைக் கடன்பட்டு வாங்கி, 2012இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் தத்தளித்து, 2015இல் அதையே விற்றுவிட்டுத்தான் மூச்சு விட்டது. மின்வாரியத்திடமிருந்து மாதக்கணக்கில் பணம் வராமல் நின்றவர்கள் பலர். காற்று நன்றாக வீசும் நாளிலேயே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உத்தரவுகளும் உண்டு. ஊராட்சியை இந்தப் புயலுக்குள் தள்ளக்கூடாது. ஊராட்சிக்கு வேண்டியது யூனிட் கணக்கில் ஒரு விகிதம்: கம்பெனிக்கு லாபமோ நட்டமோ, காற்றாடி சுற்றினால் ஊருக்கு வர வேண்டியது வரும்.

பங்கு வாங்க வேண்டியவர்கள் வேறு. ஆண்டிபட்டி, தேனி நூற்பாலைகள், சின்னமனூர் வாழைக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள், கல்லூரிகள். 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகள் இதற்கு வழி விட்டிருக்கின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூட்டாக, மின் நிலையத்தின் மூலதனத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது அவர்களுடைய சொந்த மின் நிலையமாகக் கருதப்படும். ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் மானியச் சுமைக் கட்டணம் அவர்களுக்கு இல்லை. கோவை, மதுரை ஆலைகள் இதை நன்றாகப் பயன்படுத்துகின்றன. பசுமை மின்சாரத்தை நேரடியாக வாங்குவதற்கான குறைந்தபட்ச அளவை 2022இல் மத்திய அரசு 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தது. 100 கிலோவாட் என்பது நடுத்தரக் குளிர்பதனக் கிடங்கு எட்டக்கூடிய அளவு. தனியாக நின்றால் இவர்கள் பேச்சைக் காற்றாலை நிறுவனம் கேட்காது. முப்பது பேர் சேர்ந்து போனால் மேசையில் இடம் போடுவார்கள்.

இதை ஏன் இன்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், கதவு மறுபடியும் திறக்கப்போகிறது. முன்னோடிகள் நல்ல காற்று உள்ள இடங்களையெல்லாம் 225, 250 கிலோவாட் சின்ன எந்திரங்களால் பிடித்து வைத்தார்கள். இன்று வருபவை 3 மெகாவாட், அதற்கும் மேல். பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்துவதற்கும், ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. தப்புக்குண்டில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் காற்றாலைகளும் ஒவ்வொன்றாக இருபது வயதை எட்டுகின்றன. புதிய எந்திரத்தின் இறக்கை நீளம். அடுத்த பட்டாவின் மேல் அது சுற்றும். அகலமான பாதை வேண்டும். கிரேன் நிற்க இடம் வேண்டும். ஆகவே நிலக்காரரிடம் மறுபடியும் வருவார்கள். போன முறை வந்தபோது நம்மிடம் காற்றின் கணக்கு இல்லை. இந்த முறை அந்தந்தக் காற்றாலை கடந்த ஆண்டுகளில் எத்தனை யூனிட் தந்தது என்ற கணக்கு மின்வாரியத்திடம் இருக்கிறது.

எனவே இந்த மன்றத்தில் உள்ள பொருளியல், மின்பொறியியல் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊராட்சி எல்லைக்குள் நிற்கும் காற்றாடிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் திறன், நிறுவிய ஆண்டு, நிற்கும் புல எண் ஆகியவற்றைக் குறியுங்கள். ஆண்டு உற்பத்தியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலோடு ஒரு தீர்மான வரைவையும் எழுதுங்கள்: புதிய எந்திரம் நிறுத்தும் ஒப்பந்தம் எதுவானாலும் யூனிட்டுக்கு இத்தனை காசு ஊராட்சிக்கு, நிலத்தை விற்பதற்குப் பதில் குத்தகை, குத்தகை உற்பத்தியோடு சேர்ந்து உயரவேண்டும், பங்கு விற்கும்போது முதல் வாய்ப்பு மாவட்டத்துப் பயனீட்டாளர்களுக்கு. கிராம சபைத் தீர்மானத்துக்குக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஐம்பது ஊராட்சிகளின் தீர்மானம் சென்னைக்குப் போனால், அடுத்த கொள்கைத் திருத்தத்தை எழுதுகிறவர் அதைப் படித்தே ஆகவேண்டும். மே 1ஆம் தேதி கிராம சபை கூடும். அந்த மாதக் கடைசியில் காற்றுக்காலம் தொடங்கிவிடும். வரைவு எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.